கூரைக்கு வாங்கிய கடன்

போன மாதம் லண்டன் குட்மேய்ஸில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றபோது கைபேசி அடித்தது. கார்த்திக். நான் ஓய்வு பெற்றபின் என் நாற்காலிக்கு வந்தவர். கோயம்புத்தூர்க்காரர். தோர்ண்டன் ஹீத்திலிருந்து தினமும் இரண்டு ரயில் மாறி வேலைக்கு வருகிறவர்.

"மேடம், தொந்தரவு பண்றேனா?"

"இல்லைத் தம்பி, சொல்லுங்கோ."

"கடன் பதிவேட்டைப் புது சாஃப்ட்வேருக்கு மாத்திட்டிருக்கோம். ஒரு ஸ்கூல் லோன் மட்டும் உள்ள போக மாட்டேங்குது. முதல்ல ஒரு வருஷத்துக்கு வேற ஒரு கவுன்சில்கிட்ட வாங்கியிருக்கீங்க. அப்புறம் அதையே நாப்பது வருஷத்துக்கு அரசாங்கத்துகிட்ட வாங்கியிருக்கீங்க. காரணம் எழுதற இடத்துல 'கூட்டக் குறிப்பைப் பார்க்க'ன்னு இருக்கு. குறிப்புல ரெண்டே வரிதான் இருக்கு."

கடைக்காரர் தராசில் முருங்கைக்காயைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். கார்த்திக்குக்குப் பத்து நிமிடத்தில் ஒரு பதில் சொன்னேன். பதிவேட்டுக்கு அது போதும். ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போது, அந்த இரண்டு வரிக்குப் பின்னால் நின்ற மனிதர்களைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே என்று மனதுக்குள் குறுகுறுத்தது. அதனால் இதை எழுதுகிறேன்.

கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சிலின், அதாவது உள்ளூராட்சி மன்றத்தின், நிதிப் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை செய்தேன். எந்தக் கவுன்சில் என்பது வேண்டாம். அதற்கு முந்திய கதை எங்கள் ஆட்கள் பலருடையதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தேன். பகலில் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் காசு வாங்கும் வேலை, மாலையில் கணக்கியல் வகுப்பு. பாடசாலைச் சாப்பாட்டு பில்களைச் சரிபார்க்கும் எழுத்தராகக் கவுன்சிலுக்குள் நுழைந்தேன். சில வருடங்களில், பள்ளிக் கட்டடங்களுக்குக் கடன் வாங்கும் மேசைக்கு வந்து சேர்ந்தேன்.

லண்டனில் ஒரு கவுன்சில் பள்ளியின் தலைமையாசிரியை, கூரை ஒழுகுகிறது என்று தானே வங்கிக்குப் போய்க் கடன் கேட்க முடியாது. அவருக்காகக் கவுன்சில்தான் வாங்கும். பெரும்பாலும் அரசாங்கத்தின் கடன் அலுவலகத்திலிருந்து, இருபது, முப்பது, நாற்பது வருடத்துக்கு. நியூ ஜெர்சியில் இருக்கும் என் மச்சாள் ஒருமுறை வந்தபோது இதைக் கேட்டு ஆச்சரியப்பட்டாள்.

"எங்கட இடத்திலை பள்ளிக்கூடம் கட்டுறதெண்டால் நாங்கள் வோட்டுப் போடவேணும். 'இவ்வளவு கடன், உங்கட வீட்டு வரி இவ்வளவு கூடும், ஓமோ இல்லையோ' எண்டு சீட்டிலை கேப்பினம். உங்களிட்டை ஆர் கேக்கிறது?"

"ஒருதரும் கேக்கிறேல்லை. கவுன்சிலர்மார் வருசத்துக்கு ஒருக்கா ஒரு வரம்பு போடுவினம். அதுக்குள்ளை எப்ப, ஆரிட்டை, எத்தினை வருசத்துக்கு எண்டது ஒரு மனிசியின்ர கையெழுத்து."

"ஒரு மனிசியோ!" என்றாள்.

அந்த மனிசியின் பெயர் மோரீன். நான் அந்த மேசைக்கு வந்தபோது துணை அதிகாரி. பிறகு நிதித் தலைமை அதிகாரி. அவருடைய தகப்பனார் லண்டன் பஸ் ஓட்டியவர். மோரீனும் வேலையின் கடைசி நாள் வரை பஸ்ஸில்தான் வந்தார். உயரமில்லை. குரலும் உயராது. அவருடன் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான், இங்கே தமிழில் தருகிறேன்.

கடன் வாங்கும் காலைகளில் அவர் எங்கள் மேசைக்கு வந்து நிற்பார். நாங்களும் எழுந்து நிற்க வேண்டும். அரசாங்க அலுவலகம் காலையில் ஒரு தடவை, நண்பகலில் ஒரு தடவை வட்டிப் பட்டியல் வெளியிடும். இப்போது எல்லாம் திரையில் முடிகிறது. அந்த நாட்களில் தொலைபேசிதான். தொகை, எத்தனை வருடம், எந்த முறையில் திருப்பிக் கட்டுவது என்று மூன்று விபரம் சொல்ல வேண்டும். மறுமுனையில் அதை வாசித்துக் காட்டி, "சம்மதமா?" என்று கேட்பார்கள். சம்மதம் என்று சொன்னால் அவ்வளவுதான். பிறகு கடனிலிருந்து வெளியே வர வேண்டுமென்றால் அபராதமே ஒரு வகுப்பறை கட்டும் அளவுக்கு வரும்.

ஒருவர் வாசிக்க வேண்டும், இன்னொருவர் கையெழுத்திட்ட தாளில் ஒவ்வொரு இலக்கத்தின் கீழும் பென்சில் புள்ளி வைக்க வேண்டும். ஆங்கிலத்தில் பதினான்கும் நாற்பதும் தொலைபேசியில் ஒன்றுபோலவே கேட்கும். ஆகவே "ஒன்று, நான்கு" என்று தனித்தனியாகத்தான் சொல்ல வேண்டும். மேசையில் தேநீர்க் கோப்பை இருக்கக் கூடாது. ஏன் நிற்க வேண்டும் என்று ஒருநாள் கேட்டேன்.

"உட்கார்ந்தால் வசதியாக இருக்கிறது, வசந்தி. வசதியாக இருக்கும்போது நான் கவனமாக இருப்பதில்லை."

அவர் எப்படிப்பட்டவர் என்பது எனக்கு முதலில் புரிந்தது என்னுடைய பிழை ஒன்றினால்தான். ஒரு தரகர் வந்தார். நல்ல கோட், நல்ல பேச்சு. ஒரு வங்கி எங்களுக்கு அறுபது வருடக் கடன் தர ஆயத்தமாக இருப்பதாகச் சொன்னார். ஆரம்ப வட்டி அரசாங்கத்தின் வட்டியைவிடக் குறைவு. முதல் ஐந்து வருடத்துக்குப் பிறகு, வங்கி விரும்பினால் குறித்த தவணைகளில் வட்டியைக் கூட்டலாம். எங்களுக்குப் பிடிக்காவிட்டால் முழுக் கடனையும் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகலாம். மூன்று பள்ளிகளுக்கு ஜன்னல் மாற்றக் காசு தேவைப்பட்ட நேரம் அது. நான் இரண்டு நாள் இருந்து ஒரு ஒப்பீட்டுப் பட்டியல் செய்தேன். வங்கிக் கடன் தெளிவாக மலிவு. அந்த மேசையில் என் முதல் பெரிய வேலை. பெருமையாகக் கொண்டுபோய் வைத்தேன்.

மோரீன் முழுவதையும் வாசித்தார். கூட்டல் கழித்தலைப் பாராட்டினார். பிறகு கேட்டார்.

"வட்டியைக் கூட்ட வங்கிக்கு எப்போது விருப்பம் வரும்?"

"வெளியே வட்டி ஏறும்போது."

"அப்போது நாங்கள் விலகினால், திருப்பிக் கொடுக்கும் காசை எங்கே வாங்குவோம்?"

"வெளியே..." என்று தொடங்கியவள் நிறுத்தினேன். வெளியேயும் அப்போது விலை ஏறியிருக்கும். வங்கிக்கு மட்டும்தான் கதவு இருந்தது, எங்களுக்குக் கதவின் படம் ஒன்றை வரைந்து கொடுத்திருந்தார்கள். என் பட்டியல் ஐந்தாம் வருடத்தோடு முடிந்திருந்தது. தரகர் காட்டிய இடம் மட்டும் பார்த்து, நானும் அங்கேயே நிறுத்தியிருந்தேன்.

என் முகம் எரிந்தது. மோரீன் தாள்களை என் பக்கம் தள்ளினார். "ஆறாம் வருடத்தையும் போட்டுக்கொண்டு வாருங்கள். நாளைக்குப் போதும்." அவ்வளவுதான். மறுநாள் மேலதிகாரியிடம், "இந்தக் கடன் வேண்டாம் என்று வசந்தி கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்" என்று சொன்னார். முதல் பட்டியலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வேறு சில கவுன்சில்கள் அப்படிப்பட்ட கடன்களை வாங்கிப் பிறகு வருடக்கணக்காக முழிபிதுங்கியதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மேசை நினைவுக்கு வரும்.

எந்தப் பள்ளிக்குக் கடன் வாங்கினாலும் மோரீன் முதலில் அந்தப் பள்ளிக்குப் போவார். நிதி அதிகாரிகள் அப்படிச் செய்ய வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. தலைமையாசிரியைக்கு வணக்கம் சொல்லிவிட்டு நேரே கட்டடப் பராமரிப்பாளரைத் தேடுவார். எல்லாரிடமும் ஒரே கேள்விதான்: "நீங்கள் ஒரு நாள் லீவு எடுத்தால் இங்கே எது முதலில் நின்றுபோகும்?" பதிலை எழுதிக்கொண்டு, அதைப் போய்த் தொட்டுப் பார்ப்பார். ரப்பர் பூட்ஸ் போட்டுக் கூரை ஏறுவார். எத்தனை வருடக் கடன் என்பது அங்கேதான் முடிவாகும். "பொருள் செத்த பிறகு கடன் உயிரோடு இருக்கக் கூடாது" என்பார். கொதிகலன் இருபது வருடம் உழைக்குமென்றால் கடனும் இருபது. ஒரு வருடம்கூடக் கூடாது.

அப்படித்தான் சிவலிங்கம் அண்ணையைச் சந்தித்தோம். கால்வாயோரத்தில் இருந்த ஒரு தொடக்கப் பள்ளி. அவர் அங்கே பராமரிப்பாளர். பருத்தித்துறைக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மோரீன் தன் கேள்வியைக் கேட்டதும் கொஞ்சமும் யோசிக்காமல், "கொதிகலன், மேடம். அது என் பேச்சை மட்டும்தான் கேட்கும்" என்றார். சிரித்துக்கொண்டே ஒரு கொப்பியை எடுத்து நீட்டினார். கொதிகலன் நின்ற நாட்கள், குழாய் உறைந்த நாட்கள், ஒழுக்கு வந்த இடங்கள் எல்லாம் சின்ன எழுத்தில் அதில் இருந்தன. மோரீன் கொதிகலன் பக்கங்களைப் படம் பிடித்துக்கொண்டார். கடன் வாங்கினோம், புதுக் கொதிகலன் வந்தது. பிரியும்போது என் தொலைபேசி இலக்கத்தை அண்ணையிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

சில வருடம் கழித்து, ஒரு ஓகஸ்ட் வெள்ளிக்கிழமை காலை அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, ஸ்கூல் சிவலிங்கம் கதைக்கிறன். ஹோலைப் பூட்டிப்போட்டன். திறக்கச் சொல்லிக் கத்தினம். நான் திறக்கமாட்டன். ஆரையெண்டாலும் அனுப்புங்கோ."

"என்ன நடந்தது அண்ணை?"

"மேலையிருந்து மா கொட்டுது."

"என்ன மா?"

"கோதுமை மா மாதிரி. நேற்றுக் கூட்டினன். இண்டைக்கும் அதே இடத்திலை கிடக்கு. தட்டிப் பாத்தன், சத்தம் சரியில்லை. இஞ்சை லீவுக் கிளப்புக்கு நாப்பது பிள்ளையள் வந்து நிக்குதுகள். பில்டிங் செக்சனுக்கு அடிச்சனான், ஒருதரும் எடுக்காமல் போனிலை பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கினம்."

"தலைமையாசிரியை?"

"லீவிலை. போன் எடுக்கேல்லை. தங்கச்சி, என்ரை வேலை போனாலும் பறவாயில்லை, நான் திறக்க ஏலாது."

பின்னால், விடுமுறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தக் கிளப்பின் பொறுப்பாளரான பெண் ஆங்கிலத்தில் உரத்துப் பேசுவது கேட்டது. மண்டபத்துக்கு வாடகை கட்டியிருக்கிறோம், நீர் யார் பூட்டுவதற்கு என்று. அவருடைய நிலைமையும் விளங்கியது. நாற்பது பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

"திறக்காதேங்கோ அண்ணை. நான் சொன்னனான் எண்டு சொல்லுங்கோ," என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு ஒரு அதிகாரமும் இல்லை. நான் கடன் வாங்கும் மேசைக்காரி. மோரீனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கட்டடப் பிரிவுக்குத் தொலைபேசி எடுக்கவில்லை, இரண்டு மாடி இறங்கி நேரிலேயே போனார். பிற்பகலில் ஒரு பொறியியலாளர் ஏணியோடு போய், கூரையில் சின்னத் துளை போட்டுப் பார்த்துவிட்டு, மண்டபத்தைச் சுற்றி நாடா கட்டினார். குமிழிகள் நிறைந்த, எடை குறைந்த கொங்கிரீட் பலகை. பல பத்து வருடங்களுக்கு முன் மலிவென்று நாடெங்கும் போட்டது. வெளியே பார்த்தால் கல், உள்ளே பாண் ரொட்டி மாதிரி ஓட்டை ஓட்டை.

கிளப் பொறுப்பாளர் அன்றே சிவலிங்கம் அண்ணைமேல் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தார். திங்கட்கிழமை காலை விளக்கம் தரும்படி அவருக்குக் கடிதம் போனது.

திங்கட்கிழமை காலை அவர் பள்ளியைத் திறந்து, மண்டபத்துக் கதவின் கண்ணாடியால் பார்த்தார். இரண்டு பலகைகள் கீழே கிடந்தன. சனி ஞாயிறில் எப்போதோ விழுந்திருக்கின்றன, ஒருவரும் கேட்கவில்லை. விழுந்த இடம் மண்டபத்தின் முன்பகுதி. காலைக் கூட்டத்தில் ஆகச் சின்னப் பிள்ளைகள், நாலு ஐந்து வயதுக்காரர், நிலத்தில் சப்பாணி கட்டி உட்காரும் இடம்.

நானும் மோரீனும் போனபோது அவர் வாசலில் நின்றார். விளக்கம் கேட்ட கடிதம் மேற்சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, நான் வியாழக்கிழமை அதுக்குக் கீழைதான் நிண்டு கூட்டினனான்," என்றார்.

மோரீன் அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்தார். பிறகு அந்தக் கொப்பியைக் கேட்டார். ஒரு வகுப்பறைக்குள் போய், முழங்கால் உயரக் கதிரையில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். மண்டபத்துக் கூரையில் ஈரம், மண்டபத்துக் கூரையில் வெடிப்பு மாதிரி ஒரு கோடு, கட்டடப் பிரிவுக்குச் சொன்னது, பதில் இல்லை. வருடக்கணக்காக இருந்தது. அரை மணி நேரம் வாசித்தார்.

"அன்று நான் கொதிகலன் பக்கங்களை மட்டும்தான் பார்த்தேன்," என்றார், என்னிடம் இல்லை, அண்ணையிடம். "மன்னிக்க வேண்டும், மிஸ்டர் சிவலிங்கம்."

தன்மேல் வந்திருக்கத் தேவையில்லாத பழியை அப்படி எடுத்துக்கொண்ட மேலதிகாரி ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மண்டபமும் சமையலறையும் நான்கு வகுப்பறைகளும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. அந்தப் பகுதி முழுவதையும் இடித்துக் கட்ட வேண்டும் என்று பொறியியலாளர்கள் சொன்னார்கள். தற்காலிகத் தாங்குதூண்களுக்கும் கொண்டுவந்து இறக்கும் பெட்டி வகுப்பறைகளுக்கும் அரசாங்கம் உதவும், புதிதாகக் கட்டுவதைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது. பிறகு என்றால் எப்போது என்று அதில் இல்லை.

எங்கள் நிலைமை இதுதான். அந்த வருடத்துக்குக் கவுன்சிலர்கள் போட்ட கடன் வரம்பு ஏறக்குறைய முடிந்திருந்தது. வட்டியோ பல வருடமாகக் காணாத உயரத்தில். நிதிக்குப் பொறுப்பான கவுன்சிலர் வரியைக் கூட்டமாட்டோம் என்று சொல்லி வென்றவர். கெட்ட மனிதர் இல்லை.

"இந்த வட்டிக்கு நாற்பது வருடக் கடன் வாங்கினால் நம் பிள்ளைகள் நம்மைத் திட்டுவார்கள்," என்றார். "பெட்டி வகுப்பறைகளில் இரண்டு வருடம் சமாளிக்கலாம். வட்டி இறங்கட்டும்."

அதில் நியாயம் இருந்தது. மோரீன் என்னை இரண்டு வழிகளுக்கும் கணக்குப் போடச் சொன்னார். இந்த முறை ஐந்தாம் வருடத்தோடு நிறுத்தவில்லை. பெட்டிகளின் வாடகை, கட்டுமானச் செலவு ஏறும் வேகம், வட்டி இறங்கினால், இறங்காவிட்டால், இன்னும் ஏறினால் எல்லாம் போட்டேன். கடைசியில் எனக்குக் கிடைத்த பதில்: தெரியாது. ஆறு வித எதிர்காலத்தில் மூன்றில் காத்திருப்பது லாபம், மூன்றில் நட்டம். வெட்கத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இதுதான் சரியான பதில்," என்றார் மோரீன். "எல்லாம் தெரியும் என்று எழுதியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்."

பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு மறுபடி பள்ளிக்குப் போனார். செப்டம்பர் தொடங்கிவிட்டது. விளையாட்டு முற்றம் முழுக்கப் பெட்டிகள். பிள்ளைகளுக்கு ஓட இடமில்லை. சமையலறை இல்லாததால் சாப்பாடு வேறு பள்ளியிலிருந்து வேனில் வந்தது. மழைத் தூறலில் சிவலிங்கம் அண்ணை குடை பிடித்து, நான்கு நான்கு பேராகப் பிள்ளைகளைச் சாப்பாட்டு அறையாக வைத்திருந்த பெட்டிக்குக் கூட்டிப்போனார். ஒரு வகுப்புக்கு எத்தனை நிமிடம் என்று மோரீன் மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்தார்.

"இதை இரண்டு வருடம் செய்யலாமா?" என்று அண்ணையிடம் கேட்டார்.

"நான் செய்வேன், மேடம். ஆனால் இந்தச் சின்னவர்கள் இரண்டு வருடத்தில் வேறு வகுப்புக்குப் போய்விடுவார்கள். மழையில் நடந்ததுதான் இந்தப் பள்ளியைப் பற்றி அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்."

அடுத்த வாரம் மோரீன் தன் திட்டத்தை எழுதினார். கட்டும் வேலையை உடனே தொடங்குவது. காசை இன்னொரு கவுன்சிலிடமிருந்து ஒரு வருடத்துக்கு மட்டும் வாங்குவது. கவுன்சில்கள் தங்கள் கையில் சும்மா கிடக்கும் பணத்தை ஒன்றுக்கொன்று கடன் கொடுப்பது வழக்கம். வருட முடிவில் வட்டி இறங்கியிருக்கும் என்று எதிர்பார்த்து, அப்போது நாற்பது வருடக் கடனாக மாற்றுவது. கார்த்திக்குக்குப் புரியாமல் போன அந்த இரண்டு கடன்கள் இவைதான்.

ஆனால் வரம்பு? எதையாவது அந்த வருட வேலைப் பட்டியலிலிருந்து எடுத்தால்தான் இதற்கு இடம் வரும். நூலகமா, வீதி விளக்கா, எந்தப் பிரிவோடு சண்டை வரப்போகிறது என்று நாங்கள் காத்திருந்தோம். மோரீன் எங்கள் மாடிக்கு வந்து நடுவில் நின்றார்.

எங்கள் அலுவலகத் திருத்த வேலைக்கு அந்த வருடம் பணம் ஒதுக்கியிருந்தது. அந்தக் கட்டடத்து ஜன்னல்கள் காற்றடித்தால் ஆடும். குளிர்காலத்தில் நாங்கள் கோட் போட்டுக்கொண்டுதான் கணக்குப் பார்ப்போம். ஏழெட்டு வருடம் கேட்டுக் கேட்டுக் கடைசியில் கிடைத்த ஒதுக்கீடு.

"அதை நான் வெட்டப்போகிறேன்," என்றார். "என் அறை உட்பட. வேறு யாரிடமும் கேட்பதற்கு முன் நாங்கள் கொடுக்க வேண்டும். எதிர்ப்பு இருந்தால் இப்போது சொல்லுங்கள்."

எனக்குப் பக்கத்து மேசைக்காரர் எழுந்து, "அப்படியென்றால் சூடாகத் தேநீர் குடிக்க ஒரு நல்ல கேத்தில் வாங்கித் தாருங்கள்" என்றார். எல்லாரும் சிரித்தோம். மோரீன் தன் கைக்காசில் இரண்டு கேத்தில் வாங்கினார்.

கவுன்சில் கூட்டத்தில் நிதிக் கவுன்சிலர் நேரே கேட்டார்: "வட்டி இறங்காவிட்டால்?"

"இறங்காவிட்டால் இதே அறைக்கு வந்து நான் பிழை விட்டேன் என்று சொல்வேன். எவ்வளவு பிழை என்றும் சொல்வேன்."

வாக்கெடுப்பில் திட்டம் மயிரிழையில் வென்றது. எதிர்த்து வாக்களித்தவர்களில் நிதிக் கவுன்சிலரும் ஒருவர்.

கட்டடம் எழும்பியது. அண்ணை அடிக்கடி படம் அனுப்புவார். அத்திவாரம், இரும்பு, ஒருநாள் கூரை. "தங்கச்சி, இது உண்மையான கூரை" என்று மட்டும் கீழே எழுதியிருந்தார். முறைப்பாடு கொடுத்த கிளப் பொறுப்பாளர் அவருக்கு ஒரு கேக் செய்து கொண்டுவந்து, பேச முடியாமல் அழுதாராம். அண்ணை கேக்கை வெட்டி லீவுக் கிளப் பிள்ளைகளுக்கே கொடுத்தாராம். அதைச் சொல்லும்போது, "அவவும் தன்ரை வேலையைத்தானே செய்தவ" என்றார்.

ஒரு வருடக் கடன் முடியும் மாதத்தில் புதுக் கட்டடம் திறந்தது. வட்டி இறங்கவில்லை.

நாங்கள் ஒவ்வொரு காலையும் பட்டியலைப் பார்த்தோம். கொஞ்சம் இறங்கும், மறுநாள் அதைவிட ஏறும். குறுகிய காலக் கடனை இன்னொரு வருடம் நீட்டலாமே என்று நான் கேட்டேன். அப்படி நீட்டினால் யாருக்கும் பிழை தெரியாது என்பதும் என் மனதில் இருந்தது, மறைப்பானேன்.

"இல்லை," என்றார் மோரீன். "நான் ஒரு தடவை ஊகித்தேன். அது பிள்ளைகளுக்காக. இரண்டாம் தடவை ஊகித்தால் அது எனக்காக."

அன்று நண்பகல், நாங்கள் இருவரும் எழுந்து நின்று நாற்பது வருடக் கடனை முடித்தோம். திரையில் சம்மதப் பொத்தானை நான் அழுத்தினேன். அவர் ஒவ்வொரு இலக்கத்தின் கீழும் புள்ளி வைத்தார்.

அடுத்த கூட்டத்தில் மோரீன் தனக்கு நிகழ்ச்சி நிரலில் ஓர் இடம் கேட்டு வாங்கியிருந்தார். ஒருவரும் கேட்காத அறிக்கை அது. நான் பின்வரிசையில் இருந்தேன். தாள் இல்லாமல் பேசினார்.

"வட்டி இறங்கும் என்று இந்த அறையில் சொன்னேன். அது நடக்கவில்லை. நான் எதிர்பார்த்ததைவிட ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய ஒரு ஆசிரியரின் சம்பளம் அளவு கூடுதலாகக் கட்டப்போகிறோம். தீர்மானம் என்னுடையது. எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லக் காத்திருக்கிறேன்."

கூட்டக் குறிப்பில் இருக்கும் இரண்டு வரி இதன் சுருக்கம்தான்.

நிதிக் கவுன்சிலர் ஒலிவாங்கியை இழுத்தார்.

"போன கிழமை அந்தப் பள்ளிக்குப் போனேன்," என்றார். "புது மண்டபத்தில் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னபடி காத்திருந்தால் இன்றைக்கும் அவர்கள் மழையில் நடந்துகொண்டிருப்பார்கள். வட்டியும் இறங்கியிருக்காது. எனக்குக் கேள்வி இல்லை, தலைவர் அவர்களே."

கூட்டம் முடிந்து வெளியே வந்தோம். நடைவழியில் மோரீன் கோட்டைப் போட்டுக்கொண்டு பொத்தானைப் பிடிக்கப் பார்த்தார். முடியவில்லை. விரல்கள் அவ்வளவு நடுங்கின. இத்தனை வருடத்தில் அவருடைய கை நடுங்கி நான் கண்டதில்லை. நான் குனிந்து, பிள்ளைக்குப் போட்டுவிடுவதுபோல, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டேன்.

"இன்றைக்குப் பயந்துவிட்டீர்களா?" என்று கேட்டேன்.

"இன்றைக்கு மட்டும் இல்லை, வசந்தி. ஒவ்வொரு கையெழுத்துக்கும்."

பிறகு கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டு, பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்.